புண் என்று நினைத்து ஓடிவரும் செல்கள்

பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவரைச் சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். வந்ததும் கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை ஊசி வழியாகச் செலுத்திவிட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசாமல், நடமாடாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். பேசினால் தொண்டைத் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், நடந்தால் கால் தசை. பிறகு எடுக்கும் படத்தில் மூளை ஒளிரும். அது எப்போதுமே சர்க்கரையில் பிழைக்கிற உறுப்பு. சிறுநீர்ப்பை ஒளிரும். புற்றுக்கட்டி இருந்தால், பெரும்பாலும் அதுவும் ஒளிரும். நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று மருத்துவர் அந்த ஒளியை வைத்துச் சொல்கிறார். கட்டி எவ்வளவு சர்க்கரை தின்கிறது என்பது படத்தில் தெரிந்துவிடுகிறது. தின்றதன் கழிவு எங்கே போகிறது என்பது தெரிவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கழிவைப் பற்றியது. அதைவிட, அந்தக் கழிவில் நனைந்துகொண்டே வாழ வேண்டிய அக்கம்பக்கத்துச் செல்களைப் பற்றியது.

கட்டிகளின் இந்தச் சர்க்கரைப் பசியை 1920-களிலேயே கண்டுபிடித்தவர் ஓட்டோ வார்பர்க். பெர்லினின் தாலெம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்தில், எலிகளின் கட்டிகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, அவை எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன, எவ்வளவு அமிலத்தைக் கக்குகின்றன என்று அளந்தார். வேகமாக ஓடும்போது தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போய் லாக்டிக் அமிலம் சேர்வது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கட்டியோ, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் சர்க்கரையை முழுக்க எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குடுவையில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த கெர்ட்டி கோரி, கார்ல் கோரி தம்பதி அதற்கு 1925-இல் விடை சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சிறகில் மட்டும் கட்டி வளர்ந்திருந்த கோழியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சிறகுகளிலிருந்தும் திரும்பி வரும் சிரை ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி இருந்த பக்கத்து ரத்தத்தில் சர்க்கரை குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது.

வார்பர்க் தன் கண்டுபிடிப்புக்குச் சொன்ன காரணம் மட்டும் நிலைக்கவில்லை. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதாவதுதான் புற்றுநோயின் மூலம் என்று அவர் 1970-இல் இறக்கும்வரை நம்பினார். பெரும்பாலான புற்றுசெல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது என்று இன்று தெரியும். வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருளும் வேண்டும். சர்க்கரையைப் பாதியில் நிறுத்தினால் அந்தப் பொருள் கிடைக்கிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. அமிலத்துக்கு லாக்டிக் அமிலம் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் திறனைப் பெரும்பாலும் இழந்த செல்களை வைத்து உருவாக்கிய கட்டிகளும் அமிலமாகவே இருந்ததை 1993-இல் காட்டினார்கள். செல்கள் வெளிவிடும் கரியமில வாயு நீரில் கரைந்தாலும் அமிலம்தான்.

பத்தாம் வகுப்போடு வேதியியல் உறவை முறித்துக்கொண்டவர்களுக்காக ஒரு கணக்கு. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கூடும். நம் ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கும். அதைவிட்டு நகர்ந்தால் ஆபத்து. பல கட்டிகளுக்குள் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தின் பி.எச். 6.5 முதல் 6.9 வரை இருக்கிறது. 7.4-க்கும் 6.8-க்கும் வித்தியாசம் வெறும் அரைப் புள்ளி சொச்சம்தானே என்று தோன்றும். இந்த அளவுகோல் மடங்குகளில் ஏறுவது, 7.4 என்பது 6.8 ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் நான்கு மடங்காகிவிட்டன என்று பொருள்.

இதில் வேடிக்கை, புற்றுசெல்லின் உட்புறம் அமிலமாவதே இல்லை. சொல்லப்போனால் சாதாரணச் செல்லைவிட அதன் உள்ளே காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அமிலத்தை வெளியே இறைப்பதற்கென்று செல்லின் சவ்வில் அது ஒரு படையையே நிறுத்தியிருக்கிறது: சோடியத்தை உள்ளே விட்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்பும் புரதம், லாக்டிக் அமிலத்தை ஏற்றுமதி செய்யும் புரதம், கரியமில வாயுவை வெளியிலேயே அமிலமாக மாற்றிவிடும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-9 என்ற நொதி. தன் வீட்டைப் பளிச்சென்று கழுவி, சாக்கடையைப் பக்கத்து வாசலுக்குத் திருப்பிவிடுகிறவரைப் போல. கேள்வி பக்கத்து வாசலில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான்.

அவர்கள் யார்? புற்றுக்கட்டி என்றதும் ஒரே ரகச் செல்கள் குவிந்த உருண்டை என்று நினைக்கிறோம். கணையப் புற்றுநோயில் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பகுதி புற்றுசெல்லே கிடையாது. கட்டியின் எடையில் எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை இழைத்திசுவாக இருக்கலாம்: கொலாஜன் நார், அந்த நாரை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், ரத்தக் குழாய்கள், நரம்பு இழைகள், மேக்ரோஃபேஜ் போன்ற நோய் எதிர்ப்புச் செல்கள். கட்டியைத் தாங்கி நிற்பவை இவை. லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் 735 மார்பகப் புற்றுநோயாளிகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, விதை மட்டும் போதாது, மண்ணும் ஒத்துவர வேண்டும் என்று 1889-இல் எழுதினார். அதன்பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆராய்ச்சி உலகம் விதையையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மண்ணின் மேல் கவனத்தைத் திருப்பியவர்களில் ஒருவர் ஹெரால்ட் ட்வோராக். கட்டிகள் ஆறாத புண்கள் என்று 1986-இல் அவர் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். கசியும் ரத்தக் குழாய்கள், உறையும் புரதம், வந்து குவியும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், புதிதாக முளைக்கும் ரத்த நாளங்கள் என்று புண் ஆறும்போது நடப்பதெல்லாம் கட்டியிலும் நடக்கிறது. புண்ணில் அது ஒருநாள் நின்றுவிடும், கட்டியில் நிற்பதில்லை. அவர் அன்று எழுதியதோடு அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தால் பல விஷயங்கள் பொருந்துகின்றன என்பது என் எண்ணம். வெட்டுக்காயத்திலும் ரத்த ஓட்டம் அறுபடுகிறது, ஆக்சிஜன் குறைகிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது. ஆகவே ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு அமிலம் என்பது வெறும் அழுக்கு மட்டும் இல்லை, அது ஒரு செய்தி: இங்கே திசு கிழிந்திருக்கிறது, வந்து தை. ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற துணைச் செல்கள் புற்றுநோயின் கூட்டாளிகளாகிவிட்டன, விலைபோய்விட்டன என்றெல்லாம் எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை தங்கள் வேலையைத்தான் செய்கின்றன; வந்த தகவல்தான் தவறு.

தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது? செல்லின் சவ்வில் ஹைட்ரஜன் அயனிகளை உணரும் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஜி.பி.ஆர்.68. பி.எச். 7.8-இல் அது தூங்கும், 6.8-இல் முழு வீச்சில் வேலை செய்யும். 2003-இல் இது வெளியானபோது, உடம்பில் எங்கே இவ்வளவு அமிலம் இருக்கிறது, இந்த உணரி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. எலும்பு ஒரு விடை, கட்டி இன்னொரு விடை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஒரு குழு, கணையப் புற்றுக்கட்டிகளிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. சாதாரணக் கணையத்தின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைவிட இவற்றில் ஜி.பி.ஆர்.68 பல மடங்கு அதிகம். சுற்றியுள்ள திரவத்தை அமிலமாக்கினால் இந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்தன. அந்தப் புரதம் பட்டதும் புற்றுசெல்கள் வேகமாகப் பெருகின. உணரியை ஃபைப்ரோபிளாஸ்ட்டில் கூட்டிவிடுவதே கட்டியின் சூழலில் உள்ள சில வேதிச் செய்திகள்தான் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதாவது, முதலில் அமிலத்தை உணரும் திறனைக் கூட்டிவிட்டு, பிறகு அமிலத்தைக் கொட்டுகிறது கட்டி. ஒரு புண்ணில் இன்டர்லூக்கின்-6 சுரந்தால் அது ஆறுவதற்கு உதவும். இங்கே எதிராளிக்கு உரமாகிவிடுகிறது.

எலும்பில் இதே கதை இன்னும் துலக்கமாக நடக்கிறது. எலும்பை அரித்துக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் புதிதாகக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களும் நம் உடம்பில் ஓயாமல் மாறிமாறி வேலை செய்பவை. லண்டனில் டிமதி ஆர்னெட் பல ஆண்டுகள் செய்த சோதனைகளில், பி.எச். 7.3-க்கு மேல் இருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் ஏறக்குறைய சும்மா இருப்பதையும், 6.9 அளவுக்கு இறங்கினால் மூர்க்கமாக அரிக்கத் தொடங்குவதையும் கண்டார். கட்டும் செல்லோ அமிலத்தில் சுணங்கிவிடுகிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் எலும்பு ஏன் இவ்வளவு எளிதாக நொறுங்குகிறது என்பதற்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. எலும்பிலேயே தோன்றும் ஆஸ்டியோசார்கோமா, பெரும்பாலும் பதின்ம வயதினரின் முழங்காலருகே வருவது. இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள ரிட்சோலி எலும்பியல் நிறுவனத்தில், இந்தக் கட்டியைச் சுற்றியுள்ள மீசென்கைமல் செல்களை அமிலத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என எதுவாகவும் மாறக்கூடிய மூலச் செல்கள் அவை. அமிலம் பட்டதும் அவற்றில் அழற்சிக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டன. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 இரண்டும் சுரந்தன. அந்தச் சுரப்பு, கட்டியில் உள்ள செல்களுக்கு மருந்துக்கு அசையாத மூலச்செல் குணத்தைக் கூட்டியது. அவர்கள் 2017-இல் வெளியிட்ட இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, எதிர்வினை காட்டிய மீசென்கைமல் செல்கள் புற்றுசெல்களே அல்ல என்பது. அவற்றின் மரபணுவில் கோளாறு ஏதும் இல்லாமலேயே இது நடக்கிறது.

எலும்புப் புற்றுநோயின் வலி கொடுமையானது என்பதைக் கூட இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். மிளகாயின் காரத்தை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற நரம்புப் புரதமே அமிலத்தையும் உணர்கிறது. எலும்பின் வலி நரம்புகளில் அது உண்டு. அமிலத்துக்கென்றே உள்ள வேறு உணரிகளும் உண்டு. நரம்பும் கட்டியின் சுற்றுப்புறத்தில் ஒரு குடிதான்.

நோய் எதிர்ப்புச் செல்களுக்கு வருவோம். யேல் பல்கலைக்கழகத்தில் 2014-இல் காட்டியது: கட்டியின் லாக்டிக் அமிலம் பட்ட மேக்ரோஃபேஜ், ஆக்சிஜன் பற்றாக்குறை வந்துவிட்டதுபோல் நடந்துகொள்கிறது, ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் புரதத்தைச் சுரக்கிறது, தாக்கும் போக்கை விட்டுச் செப்பனிடும் போக்குக்கு மாறுகிறது. மறுபடியும் அதே புண் ஆற்றும் வேலை. புற்றுசெல்லைக் கொல்லக்கூடிய டி செல்களோ, பி.எச். 6.5-இல் ஏறக்குறைய செயலற்றுப் போகின்றன. நல்ல செய்தி, அவை சாவதில்லை. பழைய பி.எச்.-க்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதி மீண்டு எழுகின்றன. மிலானில் ஒரு குழு எலிகளுக்கு இரைப்பை அமிலத்துக்குக் கொடுக்கும் ஈசோமெப்ரசோல் மருந்தை மிக அதிக அளவில் கொடுத்துக் கட்டியின் அமிலத்தைக் குறைத்தபோது, நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் சிகிச்சை மேலும் நன்றாகப் பலித்தது. அது எலிக்குக் கொடுத்த அளவு. அல்சருக்கு வாங்கிய மாத்திரையைக் கூட்டிப் போடுவதற்கான யோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த அமிலம் கட்டியில் எங்கே இருக்கிறது? ரத்தம் எட்டாத நடுப்பகுதியில்தான் என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2019-இல் எம்.ஐ.டி.யின் ஃபிராங்க் கெர்ட்லர் குழு, அமிலத்தில் மட்டும் செல் சவ்வுக்குள் நுழையும் ஒரு புரதத் துண்டைச் சாயம்போல் பயன்படுத்தி எலிகளின் மார்பகக் கட்டிகளைப் பார்த்தது. நடுவில் மட்டுமல்லாமல், கட்டியும் சுற்றுத்திசுவும் உரசும் விளிம்பிலும் அமிலம் தெரிந்தது. ஆக்சிஜன் குறைவில்லாத இடங்களிலும் தெரிந்தது. இது முக்கியம். துணைச் செல்கள் வாழ்வது அந்த விளிம்பில்தான். ராபர்ட் கேட்டன்பி 1996-இலேயே கணிதச் சமன்பாடுகளை வைத்து ஒன்றைக் கணித்திருந்தார்: அமிலம் விளிம்பைத் தாண்டிக் கசியும், சாதாரணச் செல்கள் தாங்காமல் மடியும், புற்றுசெல் அந்த வெற்றிடத்தில் கால் வைக்கும். பின்னாளில் எலியின் தோலில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்திக் கட்டி வளர்வதைத் தினமும் பார்த்தபோது, எந்தப் பக்கம் பி.எச். குறைவோ அந்தப் பக்கமே அது நகர்ந்தது. மடியாத ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் சும்மா இருப்பதில்லை. அமிலத்தில் வீரியம் பெறும் கெத்தெப்சின் போன்ற நொதிகள் கொலாஜன் வலையை அறுத்துப் பாதை திறக்கின்றன. புண்ணைச் சுத்தப்படுத்தவும் உதவும் நொதிகள் இவை.

இன்னொரு வாதமும் உண்டு. சில கட்டிகளில் ஃபைப்ரோபிளாஸ்ட்டே சர்க்கரையை லாக்டேட்டாக, அதாவது லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவமாக, மாற்றிக் கொடுக்க, புற்றுசெல் அதை வாங்கி எரித்துக்கொள்கிறது என்று 2009-இல் மைக்கேல் லிசான்டி குழு சொன்னது. தலைகீழ் வார்பர்க் என்று பெயரும் வைத்தார்கள். ஆக்சிஜன் கிடைக்கும் பகுதியில் உள்ள புற்றுசெல்கள் லாக்டேட்டை எரிபொருளாக்குவதை அதற்கு முந்தைய ஆண்டே பெல்ஜியத்தின் பியெர் சோன்வோ காட்டியிருந்தார். எல்லாக் கட்டிகளுக்கும் பொருந்தும் பொதுவிதி என்று இதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருவரின் கழிவு இன்னொருவரின் உணவாகும் இடம் அது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

துணைச் செல்கள்தான் கட்டியை வளர்க்கின்றன என்றால் அவற்றை அழித்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். செய்தும் பார்த்தார்கள். கணையக் கட்டியின் இழைத்திசுவைக் கரைக்கும் ஒரு மருந்து 2009-இல் எலிகளிடம் நம்பிக்கை தந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசமாகவே, 2012-இல் சோதனையை நிறுத்தினார்கள். ஹூஸ்டனில் ரகு கல்லூரியின் குழு 2014-இல் எலிகளின் கணையக் கட்டியிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளின் ஒரு முக்கிய வகையை மரபணு முறையில் நீக்கியது. கட்டி இன்னும் கொடியதானது, எலிகள் சீக்கிரம் இறந்தன. தைக்க வந்த செல்கள் தைத்த தையல், கட்டியை ஓரளவு கட்டியும் போட்டிருந்தது. அதே ஆண்டு வேறொரு குழு, வைட்டமின் டி போன்ற ஒரு பொருளைக் கொடுத்துக் கணையத்தின் துணைச் செல்களைக் கொல்லாமல் அமைதிப்படுத்தியது. எலிகளில் கீமோதெரபி மருந்து கட்டிக்குள் கூடுதலாகச் சென்றது. அழிப்பதைவிடத் தவறான செய்தியை நிறுத்துவது மேல் என்று நான் நினைப்பதற்கு இந்த மூன்று சோதனைகளே காரணம்.

அப்படியானால் அமிலத்தையே நீக்கிவிடலாமே? இங்கேதான் வாட்ஸ்அப் வந்து நிற்கும். எலுமிச்சைச் சாறு குடி, காரத் தண்ணீர் குடி, சமையல் சோடாவைக் கலக்கிக் குடி, புற்றுநோய் ஓடிவிடும் என்ற செய்திகளைப் பெறாதவர் குறைவு. சாப்பாட்டால் ரத்தத்தின் பி.எச். மாறாது, நுரையீரலும் சிறுநீரகமும் அதை விடாது. சிறுநீரின் பி.எச். மாறலாம், அது சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். கட்டி அமிலமாக இருப்பது நாம் தின்றதால் அல்ல, அது தின்பதால். அமெரிக்காவில் 'பி.எச். அற்புதம்' என்று புத்தகம் எழுதிப் பிரபலமான ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016-இல் சான் டியேகோ நீதிமன்றத்தில் தண்டனைக்குரியவராகத் தீர்ப்பளிக்கப்பட்டார். கலிஃபோர்னியாவில் பண்ணை அமைத்து நோயாளிகளுக்குச் சோடா உப்பு கலந்த திரவத்தைச் சிரை வழியாக ஏற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

சங்கடம் என்னவென்றால், சோடா உப்பை முறையாகச் சோதித்த விஞ்ஞானிகளும் உண்டு. குடிநீரில் பைகார்பனேட் பெற்ற எலிகளில் கட்டியின் பி.எச். ஏறியது, முதல் கட்டி சுருங்கவில்லை, ஆனால் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது. 2009-இல் வெளியான இந்த முடிவை வைத்து மனிதர்களிடம் சிறு சோதனைகள் தொடங்கின. எலிக்குப் பலித்த அளவை மனிதர் உடலுக்குக் கணக்கிட்டால் நாள்தோறும் விழுங்க வேண்டிய உப்பு ஏராளம். ருசியும் வயிற்றுத் தொல்லையும் தாங்காமல் நோயாளிகள் விலகினார்கள், சோதனைகள் பயனின்றி முடிந்தன. அவ்வளவு சோடியத்தை வீட்டிலேயே விழுங்கினால் இதயமும் சிறுநீரகமும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எனவே இப்போதைய முயற்சிகள் அமிலத்தை நீக்குவதைவிட, அது தரும் செய்தியை மறிப்பதிலும் அதையே அடையாளமாக்குவதிலும் இருக்கின்றன. விஸ்டா என்ற புரதம் அமிலச் சூழலில் மட்டும் டி செல்லைப் பிடித்து அடக்குகிறது என்று 2019-இல் தெரிந்தது. அமிலத்தில் மட்டுமே அதனோடு ஒட்டும் ஆன்டிபாடிகளையும் வடிவமைத்தார்கள். கட்டிக்கு வெளியே அவை ஒட்டாது, வேறு திசுவுக்குத் தொந்தரவு குறையும். டாக்சோரூபிசின் போன்ற பழைய கீமோதெரபி மருந்துகள் சரியாகப் பலிக்காமல் போவதிலும் அமிலத்துக்குப் பங்கு இருக்கிறது. காரத்தன்மை கொண்ட அந்த மூலக்கூறு அமிலத் திரவத்தில் மின்னேற்றம் பெற்று, செல் சவ்வைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது.

எந்த நோயாளியின் கட்டியில் எவ்வளவு அமிலம் என்று அறிவது அடுத்த வேலை. ஊசி மின்முனையைக் கட்டிக்குள் குத்திப் பார்க்க எல்லா இடத்திலும் முடியாது. சி.டி. ஸ்கேனுக்கு நெடுநாளாகப் பயன்படும் அயோபமிடால் என்ற மருந்தின் ஹைட்ரஜன் அணுக்கள், சுற்றியுள்ள நீரோடு இடம் மாறிக்கொள்ளும் வேகம் பி.எச்.-ஐப் பொறுத்தது. அதை எம்.ஆர்.ஐ.யில் அளந்து கட்டியின் அமில வரைபடத்தை எடுக்கும் முறை எலிகளைத் தாண்டி நோயாளிகளுக்கும் வந்திருக்கிறது. ஒருவரின் கட்டி விளிம்பு 7.2-இலும் இன்னொருவரின் விளிம்பு 6.6-இலும் இருக்கும்போது, இருவரின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. இதுவரை துணைச் செல்களைக் குறிவைத்து நடந்த மருந்துச் சோதனைகள் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்க்காமலேயே நடந்தவை.